இழப்பும் ஈடும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டைக் கடந்து கடலோரமாகச் செல்வோர் பெரியதாழை என்னும் ஊரை அடைவர். அதன் ஒருபுறம் மன்னார் வளைகுடா. மறுபுறம் செம்மணல் தேரியும் பனங்காடும். இவ்வூரிலும் இதனை அடுத்த ஊர்களிலும் வாழ்வோர் நெடுங்காலமாக இரண்டு உயரங்களை நம்பிப் பிழைத்தவர்கள். ஒன்று அலையின் உயரம். மற்றொன்று பனையின் உயரம். இரண்டிலும் பிடி தவறினால் மீள்வது அரிது. கரையை ஒட்டி அலை உடையும் இடத்தில் படகு புரளும்; வலையிலிருந்து மீனை எடுக்கையில் திருக்கையின் முள் தைக்கும்; வேகமாக ஓடும் கயிறு விரலை அறுக்கும்; பனையில் ஏறியவர் பாளையுடன் கீழே விழுவார்.

காயத்திற்கு மருந்திடுதல் மருத்துவர் கடமை. அதனை யாவரும் அறிவர். ஆனால் அக்காயத்தால் இழந்த கூலி யாருடைய கணக்கில் எழுதப்படும்? கை போன தந்தையின் வீட்டில் அடுத்த மாதம் அடுப்பு எரிய யார் பொறுப்பு? “விதி” என்று சொல்லி இக்கேள்வியை மூடிவிடுவது எளிது. உலகம் நெடுநாள் அவ்வாறே மூடி வைத்திருந்தது. அதனை மெல்ல மெல்லத் திறந்த வரலாற்றையே இப்பாடத்தில் காண்போம்.

முதலில் இக்கடற்கரையின் பழைய செல்வமாகிய முத்துக்குளிப்பை நோக்குவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, முத்தெடுத்த வணிகர் பத்தில் ஒரு பங்கை அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கைப் பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கும் கொடுத்தனர் என்று எழுதியிருக்கிறார். இவ்வாறு மந்திரிப்போரைப் பிற்காலத்தில் ‘கடல்கட்டி’ என அழைத்தனர். ஆங்கிலேயர் ஆட்சியிலும் இவ்வழக்கம் நீடித்தது. மந்திரத்தில் நம்பிக்கையில்லாத அதிகாரிகளும், கடல்கட்டி கரையில் இல்லாவிடின் குளிப்போர் கடலில் இறங்க மறுப்பர் என்பதை அறிந்து, அவருக்குரிய சிப்பியைத் தவறாது அளித்தனர். சலாபம் எனப்பட்ட அம்முத்துக்குளிப்பில், தூத்துக்குடிப் பகுதியில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவரைச் சேர்ந்தது; எஞ்சிய இரு பங்கும் அரசாங்கத்தைச் சேர்ந்தன. தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய கடைசிச் சலாபம் 1961-ஆம் ஆண்டில் முடிவுற்றது.

இக்கணக்கைச் சற்று ஊன்றிப் பாருங்கள். அரசனுக்குப் பங்கு உண்டு. வணிகனுக்குப் பங்கு உண்டு. சுறாவின் வாயைக் கட்டுவோனுக்கும் பங்கு உண்டு. கட்டிய வாய் திறந்து, குளித்தவன் காலைக் கவ்விவிட்டால் அவனுக்கு என்ன பங்கு என்பதற்கு இக்கணக்கில் இடமே இல்லை. ஆபத்து உண்டு என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டனர்; அதற்கென ஒரு தொகையையும் ஒதுக்கினர். ஆனால் அத்தொகை ஆபத்தில் அகப்பட்டவனிடம் செல்லவில்லை.

வேறொரு கடற்கரையில் இக்கணக்குச் சற்று வேறுவிதமாக எழுதப்பட்டது. பிரான்சு நாட்டின் மேற்குக் கரையை அடுத்து ஓலரோன் என்னும் தீவு உண்டு. அதன் பெயரால் வழங்கிய இடைக்காலக் கடல் விதிகளில், கப்பலின் வேலையைச் செய்கையில் காயமுற்ற மாலுமியைக் கப்பலின் செலவிலேயே குணப்படுத்த வேண்டும் என்று ஒரு விதி காணப்படுகிறது. கரையில் இறங்கிக் குடித்துச் சண்டையிட்டுக் காயமுற்றால் கப்பல் பொறுப்பேற்காது என்றும் அவ்விதி கூறிற்று. ‘வேலையின்போது வந்த காயம்’ என்ற இந்தச் சிறு கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இது மிகவும் வேண்டப்படும்.

நம் நாட்டிற்கு மீள்வோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், வேட்டையாடச் சென்ற ஒருவன் எய்த அம்பு தவறுதலாக மற்றொருவன்மேல் பட்டு அவன் இறந்துபட்ட செய்திகள் உள்ளன. ஊர்ச் சபையார் கூடி ஆராய்ந்து, கொல்லும் கருத்து அவனுக்கு இல்லை என்று கண்டு, கொலைத் தண்டனை விதியாமல், கோயிலில் விளக்கெரிக்கக் கால்நடை கொடுக்கும்படி தீர்ப்பளித்தனர். நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் அளிப்பது பெருவழக்கு. அவ்வாடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. கிழட்டாட்டை நீக்கிக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை என்றும் குறையாமல் காக்க வேண்டும் என்பது அதன் பொருள். தவற்றையும் வஞ்சனையையும் வேறு பிரித்துக் கண்ட அச்சபையாரின் நுண்ணறிவு வியக்கத்தக்கது. முதல் குறையாமல் பயன் மட்டும் வந்துகொண்டிருக்கும்படி கணக்கிட்ட திறமும் அவ்வாறே. எனினும், விளக்கு இறந்தவன் பெயரால் எரிந்தது. அவன் மனைவி மக்கள் எதை உண்டனர் என்பதை அக்கற்கள் நமக்குச் சொல்வதில்லை.

இனி, இன்றைய சட்டம் எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காண்போம். ஒருவன் செய்த தீங்குக்காக அரசு அவனைத் தண்டிப்பது ஒன்று. தீங்குற்றவர் தம் இழப்பை அவனிடமிருந்து பெறுவது வேறொன்று. முன்னது குற்றவியல்; பின்னது உரிமையியல். சிறைக்குச் செல்லத்தக்க குற்றம் எதுவும் இல்லாதபோதும் இழப்புக்கு ஈடு கொடுக்க நேரலாம். ஈடு பெற நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது. எதிரி கவனமாக நடக்கவேண்டிய கடமை உடையவன், அக்கடமையில் தவறினான், அத்தவற்றாலேயே எனக்குத் தீங்கு நேர்ந்தது என்னும் மூன்றையும் காயமுற்றவன் மெய்ப்பிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வழக்கு விழுந்துவிடும்.

இது எவ்வாறு நடைபெற்றது என்பதற்கு இரு வழக்குகளைக் கூறலாம். முதலாவது 1861-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தீர்க்கப்பட்டது. அந்நகரின் கித்தர்ப்பூர்க் கப்பற்பட்டறையின் அரசாங்க வேலையாட்கள் பெரிய இரும்புப் பொருள் ஒன்றைச் சாலையில் சுமந்து சென்றனர். எதிரே வண்டி ஒன்று வந்தது. விலகும் அவசரத்தில் இரும்பைத் தொப்பென்று கீழே போட்டனர். ஓசையைக் கேட்டு வண்டிக் குதிரை மிரண்டு காயமுற்றது. வண்டி ஒரு கப்பற் கம்பெனியைச் சேர்ந்தது. அக்கம்பெனி அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்து வென்றது. வணிகர் நடத்தக்கூடிய தொழிலை அரசாங்கம் நடத்துமாயின், தன் ஆட்களின் கவனக்குறைவுக்கு வணிகரைப் போலவே அதுவும் பொறுப்பாகும் என்று நீதிபதிகள் கூறினர். ஆட்சியாளர்மேல் வழக்கிட முடியுமா என்னும் பெருங்கேள்விக்கு இந்நாட்டில் விடை கிடைத்தது ஒரு குதிரையின் காயத்தால் என்பது நினைக்க வேடிக்கையாக இருக்கிறது.

மற்றொன்று 1874-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அக்காலச் சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்த ஏரிகள் பெருமழையால் உடைந்தன. வெள்ளம் இருப்புப்பாதையின் பாலங்களை அடித்துச் சென்றது. சென்னை இரயில்வேக் கம்பெனி ஜமீன்தாரிடம் நட்ட ஈடு கேட்டது. தன் நிலத்தில் ஆபத்தான பொருளைத் தேக்கி வைத்தவன், அது தப்பிச் சென்று பிறர்க்குத் தீங்கு செய்தால், தன் மீது தவறு இல்லாவிடினும் பொறுப்பாவான் என்று இங்கிலாந்தில் 1868-ஆம் ஆண்டில் தீர்ப்பு ஏற்பட்டிருந்தது. அதனையே கம்பெனி எடுத்துக் காட்டிற்று. இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அதனை ஏற்கவில்லை. அங்கே நீரைத் தேக்கியவர் தம் சொந்த நலத்திற்காகத் தேக்கினார். இங்கே ஏரி நாட்டு மக்களுக்கெல்லாம் உயிர்நாடி, அதனைப் பேணிக் காப்பது ஜமீன்தாரின் கடமை, அவரிடம் கவனக்குறைவும் இல்லை என்று அது முடிவு செய்தது. இங்கிலாந்தின் நீதியைத் தமிழ்நாட்டின் ஏரிக்கரையில் அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது என்பதை அந்நீதிபதிகள் உணர்ந்தது நன்று.

இவ்விரு வழக்குகளிலும் வழக்கிட்டோர் பெருங்கம்பெனிகள். வழக்குரைஞரை அமர்த்தவும், ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கவும் அவர்களால் முடிந்தது. ஏழைத் தொழிலாளியின் நிலை யாது?

இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக் கடையில் வேலை பார்த்த இளைஞன், கடைக்காரன் கட்டளைப்படி வண்டியில் சென்றான். வண்டியில் அளவுக்கு மீறிய பாரம் ஏற்றப்பட்டிருந்தது. வண்டி முறிந்து அவன் தொடை எலும்பும் முறிந்தது. சான்றாயர் அவனுக்கு 100 பவுன் அளித்தனர். 1837-ஆம் ஆண்டில் மேல் நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. வேலையில் உள்ள ஆபத்தை அறிந்தே வேலைக்காரன் அதில் சேர்கிறான். உடன் வேலை செய்வோர் செய்த பிழைக்கு முதலாளி பொறுப்பாகான் என்னும் கொள்கை இவ்வழக்கிலிருந்து வளர்ந்தது. காயமுற்றவனிடம் சிறிது தவறு இருந்தாலும் அவனுக்கு ஒன்றும் இல்லை என்ற விதியும் உடன் சேர்ந்தது. ஆலைகள் பெருகிய காலத்தில், கை இழந்தோரும் கால் இழந்தோரும் நீதிமன்றத்தின் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. காயமுற்றவன் இறந்துவிட்டால் அவனது வழக்கும் அவனோடு இறந்துபோயிற்று. ஒருவனை முடமாக்கியவன் பணம் கொடுக்க வேண்டும். கொன்றுவிட்டவன் கொடுக்க வேண்டியதில்லை! இந்த விபரீதத்தை நீக்க இங்கிலாந்தில் 1846-ஆம் ஆண்டிலும், அதனைப் பின்பற்றி இந்தியாவில் 1855-ஆம் ஆண்டிலும் உயிரிழப்பு விபத்துச் சட்டம் இயற்றப்பட்டது. இறந்தவரின் மனைவி அல்லது கணவர், பெற்றோர், மக்கள் ஆகியோர் ஈடு கேட்கும் உரிமை அப்போதுதான் பிறந்தது.

எனினும் ‘யார் தவறு?’ என்னும் கேள்வி நீங்கவில்லை. ஆலை இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்து தொழிலாளியின் கை போனால் அது யார் தவறு? சக்கரம் தேய்ந்திருந்ததை முதலாளி அறிந்திருந்தான் என்பதற்குச் சான்று எங்கே? உடன் நின்ற தொழிலாளர் தம் வேலையை இழக்கத் துணிந்து சாட்சி சொல்வரா? இவற்றை எண்ணிப் பார்த்த நாடுகள் கேள்வியையே மாற்றின. ‘தவறு யாருடையது?’ என்று கேளாமல், ‘இத்தொழிலின் ஆதாயம் யாருக்குச் செல்கிறது? அதன் இழப்பையும் அவரே தாங்குவதன்றோ முறை?’ என்று கேட்டன. ஜெர்மனி 1884-ஆம் ஆண்டில் விபத்துக் காப்புறுதியை ஏற்படுத்திற்று. இங்கிலாந்து 1897-ஆம் ஆண்டில் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் செய்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஒரு நூற்றாண்டுக் காலம் வழங்கிய அச்சட்டத்தின் உயிர் ஒரே சொற்றொடரில் அடங்கியிருந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்து காயம் உண்டானால், வேலை கொடுத்தவர் ஈடு தர வேண்டும். முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தொழிலாளி சிறிது அயர்ந்திருந்தாலும் உரிமை போகாது. குடிமயக்கத்தில் இருந்ததாலோ, காப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியதாலோ காயம் நேர்ந்தால் மட்டும் ஈடு இல்லை. அப்போதும், அவர் இறந்துவிட்டாலும் முற்றிலும் முடமாகிவிட்டாலும் ஈடு கொடுத்தே ஆகவேண்டும். அந்நிலையில் வருந்துவோர் அவர் குடும்பத்தாரே அன்றோ! ஓலரோன் மாலுமியின் விதி அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் மிதந்து, ஒருவாறு ஆலைக்குள் கரை சேர்ந்தது எனலாம்.

எவ்வெத் தொழில் செய்வோர் இச்சட்டத்துள் அடங்குவர் என்பதை அதன் இரண்டாம் அட்டவணை விரித்துரைத்தது. சுரங்கம், ஆலை, துறைமுகம், யானை பழக்குதல் எனப் பலவற்றைக் கூறிச் செல்லும் அப்பட்டியலில், பெரியதாழைப் பக்கத்து மக்கள் தம் வாழ்க்கையையே இரண்டு வரிகளில் காணலாம். ஒன்று, பனை முதலிய மரங்களில் பாளை சீவுதல். மற்றொன்று, மீன் பிடிப்பதற்காகக் கடலில் செய்யும் தொழில். சட்டம் இயற்றுவோர் கண்ணில் பனையேறியும் கடலோடியும் பட்டது பெரிது.

ஈட்டின் அளவு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதையும் அறிதல் வேண்டும். முப்பது வயதான பனைத் தொழிலாளர் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் கூலி பெறுகிறார் எனக் கொள்வோம். இச்சட்டத்தின் கணக்குக்கு 2020-ஆம் ஆண்டு முதல் எடுத்துக்கொள்ளப்பட்ட உச்சக் கூலி அதுவே. அவர் வேலையில் இறந்துவிட்டால், கூலியில் பாதியாகிய 7,500 ரூபாயை அவர் வயதுக்குரிய எண்ணாகிய 207.98-ஆல் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய் வரும். அவர் இறவாமல் எவ்வேலையும் செய்ய இயலாதவராகிவிட்டால், கூலியில் நூற்றுக்கு அறுபதாகிய 9,000 ரூபாயை அதே எண்ணால் பெருக்க வேண்டும். 18,71,820 ரூபாய் வரும். இறப்பைவிட முடத்திற்கு மிகுதியான தொகை ஏன் என மாணவர் சிலர் வியக்கக்கூடும். முடமானவரும் உண்ண வேண்டும். அவரைப் பேணுவோரும் உண்ண வேண்டும். ஒரு கட்டைவிரல் மட்டும் போனால், முழு முடத்துக்குரிய தொகையில் நூற்றுக்கு முப்பது. மற்றக் கண் நன்றாயிருக்க ஒரு கண் போனால் நூற்றுக்கு நாற்பது.

வயதுக்குரிய எண் ஆண்டு ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். நாற்பது வயதில் 184.17, அறுபத்தைந்தில் 99.37. காரணம் வெளிப்படை. ஈட்டுத்தொகை என்பது, அவர் இனி உழைத்து ஈட்டியிருக்கக்கூடிய ஆண்டுகளின் கூலியை இன்றே மொத்தமாகக் கணக்கிட்டுத் தருவது. கோயிலின் ஆடுகள் சாவா மூவா, மனிதனோ மூப்பான். ஆகவே அவன் கணக்கில் ஆண்டுகள் குறைகின்றன.

இச்சட்டத்தில் நான் மிகவும் போற்றும் பகுதிகள் இரண்டு. இறந்தவர்க்குரிய ஈட்டை முதலாளி குடும்பத்தாரிடம் நேரே கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது. அதற்குரிய ஆணையரிடம் செலுத்த வேண்டும், அவரே உரியவர்க்குப் பகிர்ந்தளிப்பார். துக்க வீட்டில் சிறு தொகையைக் கையில் திணித்துக் கைநாட்டு வாங்கிச் செல்வதை இவ்விதி தடுத்தது. இரண்டாவது, “எனக்கு ஈடு வேண்டாம்” என்று தொழிலாளி முன்னரே எழுதிக் கொடுத்திருந்தாலும் அவ்வெழுத்து செல்லாது. வயிற்றுப் பசி எதற்கும் கையெழுத்திடும் என்பதைச் சட்டம் அறிந்திருந்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தனியே இல்லை. 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தினுள் அது சேர்ந்துவிட்டது. பாதிக் கூலி, நூற்றுக்கு அறுபது, வயதுக்குரிய எண் என்னும் கணக்கு முறை அதிலும் தொடர்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதாயின், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது புதிதாகச் சேர்ந்த நன்மை.

சாலை விபத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வாகனத்தால் பிறர்க்கு நேரும் தீங்கிற்கெனக் காப்புறுதி செய்வதைக் கட்டாயமாக்கிற்று. இப்போது 1988-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி தவற்றை மெய்ப்பிக்காமலே இறப்புக்கு 5 லட்ச ரூபாயும், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்ச ரூபாயும் பெறலாம். மோதிய வண்டி இன்னதென்று தெரியாமல் ஓடிவிட்டாலும் இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. அதிக இழப்பு என்போர் தீர்ப்பாயத்தில் மெய்ப்பித்துப் பெறலாம்.

தொழிற்சாலையின் ஆபத்து அதன் மதிலுக்கு வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது? 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டே தில்லியில் ஓர் ஆலையிலிருந்து அமில ஆவி கசிந்தது. அவ்வழக்கில் 1986 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலை நடத்துவோர் எவ்வித விலக்கும் இன்றித் தீங்குக்கு முழுப் பொறுப்பாவர் என்று தீர்ப்பளித்தது. நிறுவனம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக ஈடும் இருக்க வேண்டும் என்றும் கூறிற்று. ஏரி உடைந்த வழக்கில் விலக்கு அளித்த நீதியும், ஆலை கசிந்த வழக்கில் விலக்கை மறுத்த நீதியும் முரண்பட்டன அல்ல. ஏரி ஊராரின் வாழ்வுக்கு. ஆலை உடையவரின் ஆதாயத்துக்கு.

இனிக் கடலுக்கே திரும்புவோம். அங்கேதான் சிக்கல் மிகுதி. நாட்டுப்படகில் செல்வோர் பெரும்பாலும் மாதக் கூலிக்கு வேலை செய்வதில்லை. பிடிபட்ட மீனை விற்று வந்த பணத்தில் எண்ணெய்ச் செலவு முதலியவற்றைக் கழித்து, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு எனப் பிரிப்பர். படகின் உடைமையாளரும் அதே படகில் வலை இழுப்பார். இங்கே முதலாளி யார், தொழிலாளி யார்? பங்காளி என்றால் ஈடு கேட்க முடியுமா? அவ்வுடைமையாளரிடம் ஈடு கேட்டு வென்றாலும், கடன் வாங்கிப் படகு வாங்கிய அவரிடம் என்ன இருக்கும்? ஆலையை மனத்தில் கொண்டு எழுதிய சட்டம், பங்கு முறையின் முன் தடுமாறுகிறது. இந்த இடைவெளியை நிரப்பவே மீனவர்க்கெனக் குழு விபத்துக் காப்பீடு ஏற்பட்டது. மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தின்கீழ் இறப்புக்கும் முழு முடத்துக்கும் 5 லட்ச ரூபாயும், நிரந்தரமான பகுதி முடத்துக்கு இரண்டரை லட்ச ரூபாயும் அது வழங்குகிறது. முன்பு கடல்கட்டிக்குச் சென்ற பங்கு இப்போதுதான் காயமுற்றவனை நோக்கித் திரும்பியிருக்கிறது.

படகின்மேல் பெரிய கப்பல் மோதினால் நிலை வேறு. மோதிய கப்பல் பிற நாட்டைச் சேர்ந்ததாயிருக்கலாம். அதன் உடைமையாளர் எங்கோ இருக்கலாம். ஆயினும் 2017-ஆம் ஆண்டில் இயற்றிய கடல்சார் உரிமைகள் பற்றிய சட்டம், உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் ஈடு கேட்போர், அக்கப்பலையே நீதிமன்றத்தின் ஆணையால் பிடித்து நிறுத்தி வைக்க இடம் தருகிறது. அவ்வாறு ஆணையிட வல்ல நீதிமன்றங்களுள் சென்னை உயர் நீதிமன்றமும் ஒன்று. ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பலே பிணை.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடற்பகுதியில், ‘என்ரிக்கா லெக்சி’ என்னும் இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர், ‘செயின்ட் ஆன்டனி’ என்ற மீன்பிடி படகைக் கடற்கொள்ளையர் படகு எனக் கருதிச் சுட்டதில் மீனவர் இருவர் மாண்டனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர். மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். வீரர்களை விசாரிக்கும் உரிமை எந்த நாட்டுக்கு என்பதில் வழக்கு எட்டாண்டு நீண்டது. 2020-ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு நடுவர் மன்றத்தின் தீர்ப்பு, விசாரிக்கும் உரிமையை இத்தாலிக்கும், ஈடு பெறும் உரிமையை இந்தியாவுக்கும் அளித்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியது. இறந்தோர் இருவர் குடும்பத்துக்கும் தலைக்கு 4 கோடி, படகின் உடைமையாளருக்கு 2 கோடி எனப் பிரித்து, 2021 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இருந்த வழக்கை முடித்தது. எளிய மீனவர் குடும்பத்தின் இழப்புக்கு ஒரு நாடே ஈடு செலுத்தியதை இங்கே காண்கிறோம். ஆயினும் விசாரணை நம் நாட்டில் நடைபெறாமற்போனது பலர்க்கு மனக்குறையாயிற்று. அக்குறை பணத்தால் தீரக்கூடியது அன்று. ஈடு வேறு, நீதி விசாரணை வேறு என்று முன்னே கூறியதை இங்கு நினைவுகூர்க.

எல்லாவற்றினும் கடினமானது கடலில் காணாமற்போனவரின் வழக்கு. உடல் கரை சேர்ந்தால் இறப்புச் சான்று உண்டு. சான்று இருந்தால் காப்பீடும் ஈடும் உண்டு. உடல் கிடைக்காவிடின்? ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் எத்தகவலும் இல்லையாயின் அவர் இறந்துவிட்டார் எனக் கொள்ளலாம் என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. நிலத்தில் வாழ்வோர்க்கு இது நியாயமாகவே தோன்றும். ஊரை விட்டுப் போனவர் ஒருநாள் திரும்பி வரக்கூடும். புயலில் போன படகைப் பார்த்திருக்கும் பெண்ணுக்கோ அந்த ஏழாண்டு, அவள் மக்கள் பள்ளியில் பயிலவேண்டிய ஏழாண்டு. அதுவரை அவள் கைம்பெண்ணும் அல்லள். கணவனுடன் வாழ்பவளும் அல்லள். எந்தப் படிவத்திலும் அவளுக்கு இடமில்லை.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து சென்ற பலர் திரும்பவில்லை. அப்போது தமிழக அரசு ஏழாண்டு காத்திராமல், காணாமற்போனோர் குடும்பங்களுக்கும் இறந்தோர் குடும்பங்களைப் போலவே 20 லட்ச ரூபாய் நிவாரணம் அளிக்க முன்வந்தது. அது அரசு மனமுவந்து அளித்தது. நிவாரணம் எனப் பெயர் பெற்றது. அடுத்த புயலில் ஒரே ஒரு படகு மட்டும் கவிழ்ந்து, நாடு முழுவதும் அதனை அறியாமற்போனால், அவ்வீட்டார் அதனையே உரிமையாகக் கேட்க முடியுமா என்பது இன்னும் தீராத கேள்வி. அன்று கரையில் அதிகாரிகள் முதலில் கேட்டது, எந்தப் படகில் யார் யார் சென்றனர் என்பதே. பல படகுகளுக்கு அக்கேள்விக்கு விடை எழுத்தில் இல்லை. வழியனுப்பக் கரைக்கு வந்த பெண்கள் விரல் மடக்கி எண்ணிச் சொன்ன பெயர்களே பட்டியலாயின.